மூன்றாவது கேட்

பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுலக்‌ஷனாவும் டுபாயிலிருந்து திரும்பிய மாப்பிள்ளை என்று தரகர் கூட்டிவந்த வினோஜனும் அவளுடைய தம்பியின் டீவி கேமில் கார் ஓட்டினார்கள். தனியாகப் பேசாமல் சம்மதம் சொல்லமாட்டேன் என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தின் முதல் பட்டதாரி, யார் மறுப்பது?

"இது சுத்திச் சுத்தி வர்ற பாதை இல்லைங்க. நீளமா போகும். நடுவுல கேட் வரும். அதைத் தாண்டினா ஒரு பகுதி முடிஞ்சிச்சு" என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் கேட் வரை அவன் கார்தான் பறந்தது. கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதிலும் நின்றதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"பொம்பளைனு விட்டுக் குடுக்குறீங்களா? அப்படி ஒரு ஆள் எனக்கு வேணாம்."

"ஐயோ, இல்லைங்க. எறங்குற பட்டன் எதுனு தேடுறேன்."

"எதுக்கு எறங்கணும்?"

"ஐடென்டி கார்டு காட்ட." சொன்ன பிறகுதான் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. "பழகிருச்சுங்க. கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுறப்ப, ஒரு தடவை ஆமி சோதனை பேரியர்ல நிக்காம போய்ட்டேன். பிரேக் புடிக்கல்ல. புலினு ரெண்டு வருசம் உள்ள வச்சிட்டாங்க."

"அந்த ரெண்டு வருசமும் டுபாய்னுதானே தரகர் சொன்னாரு?"

"டுபாய் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதுங்க."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"என்ன புள்ள சொல்ற?" என்றாள் அம்மா.

"புடிச்சிருக்கும்மா. அந்தத் தரகரை மட்டும் கல்யாணத்துக்குக் கூப்பிடாதீங்க."