ருக்குவின் காளான்கள்

"இதே மாதிரி ஏழு வேணும் தம்பி. இதே கலர், இதே சைஸ். ஒண்ணுகூட மாறக் கூடாது."

தீனதயாளன் செல்போனைக் கடைக்காரர் தேவநாதனின் மூக்குக்கு நேராக நீட்டினார். படத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கல்லில் ஒட்டிக்கொண்டு ஏழு பவளங்கள், வட்ட வட்டமாக, காளான் குடையை மல்லாத்தி வைத்தது போல. நீலம் நான்கு, சிவப்பு மூன்று.

தேவநாதன் விழுப்புரத்தில் வண்ண மீன் கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களை எண்ண ஒரு கை போதும். அதில் ஒரு விரல் திண்டிவனம் ருக்கு, தீனதயாளனின் மனைவி. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தொட்டியையும் அம்மாவையும் விட்டுவிட்டுப் போனான். ஒரே வருஷத்தில் தொட்டியைப் பற்றி மகனுக்கே போனில் பாடம் எடுக்கிற அளவுக்கு அவள் தேறிவிட்டாள்.

"அம்மாவோட மஷ்ரூம்தானே சார் இது? என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு. ஏழும்."

"எப்படி சார்?"

பஸ்ஸில் வரும்போது இந்தக் கேள்விக்குக் கரன்ட் கட், பூனை என்று இரண்டு பதில்கள் தயாராக வைத்திருந்தார். கேட்டதும் இரண்டும் மறந்துபோய் உண்மை வந்துவிட்டது.

"நான்தான். மூணு வாரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, தண்ணி கொறைஞ்சா ஊத்துங்கன்னு சொல்லிட்டுப் போனா. கடல் தொட்டியாச்சே, கடல் தண்ணிதான ஊத்தணும்? மரக்காணத்துலேர்ந்து கேன்ல கொண்ணாந்து தினம் ஊத்தினேன்."

தேவநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆவியாப் போறது வெறும் தண்ணிதான் சார். உப்பு உள்ளேயே தங்கிடும். அதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். மூணு வாரமா உப்பு மேல உப்பு ஏத்திக்கினு இருந்திருக்கீங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"மரக்காணம் பக்கத்துல பதினெட்டு வருஷம் அறிவியல் வாத்தியாரு நான். ஜன்னலுக்கு வெளியே உப்பளம். அதைக் காட்டிக் காட்டித்தான் ஆவியாகிறதைப் பத்திப் பாடமே நடத்தினேன்."

தேவநாதனுக்குச் சிரிப்பு வந்தது. தீனதயாளன் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

"நாளன்னிக்கு அவளைப் பாண்டிச்சேரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிக்கினு வர்றேன். இது அவளுக்குத் தெரியக் கூடாது."

"அம்மாதானே சார். கோவம் வந்தா ரெண்டு நாள் பேசமாட்டாங்க. உள்ளதைச் சொல்லிடுங்களேன்."

"ரெண்டு நாளா?" தீனதயாளன் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "மொத்தமே ஆறு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி."

தேவநாதன் கையிலிருந்த மீன் வலையைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். பையன், மருமக, மச்சான், எல்லாரும் ஒரே பேச்சு. நர்ஸுக்குக்கூடச் சொல்லி வச்சிருக்கேன். அவளும் நம்பிட்டா. வீட்டுக்கு வந்ததும் மல்லாக்கொட்டை அவிச்சுத் தின்னலாமான்னு கேக்கறா." கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார். "காலையில லைட் போட்டதும் அதுங்க மெள்ள விரியும். அதைப் பாத்துக்கினேதான் காபி குடிப்பா. இருக்கற நாள்ல அதாவது இருக்கணும். வெறும் கல்லு முன்னாடி அவளை உக்கார வைக்க என்னால முடியாது."

தேவநாதன் கடையின் பின்பக்கம் போனார். வெகுநேரம் கழித்து ஒரு தட்டோடு வந்தார். தட்டில் தண்ணீர். தண்ணீருக்குள் சின்னச் சின்னக் கற்கள். கல்லுக்கு ஒன்றாக நீலம் நான்கு, சிவப்பு மூன்று.

தீனதயாளன் படத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சு அசல் அதேதான். ஓரத்துல பச்சைப் புள்ளிகூட இருக்குது. எங்க பிடிச்சீங்க?"

"கெடைச்சுது சார்." தேவநாதன் தலை நிமிராமல் ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக் கட்டினார். "இந்தாங்க, உப்பு பாக்கற மீட்டர். முள்ளு இந்தக் கோட்டுக்கு வர்ற வரைக்கும் தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மொண்டு எடுத்துட்டு, கேன் தண்ணி ஊத்துங்க. குடிக்கிற கேன் தண்ணி. அப்புறம்தான் இதுங்களை உள்ளே வுடணும். எழுதித் தரட்டுமா?"

"எழுதிக் குடுங்க. வாத்தியாருங்க வாயால சொன்னா கேக்கமாட்டாங்க."

பையை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் நின்றார். "அவ உங்களுக்கு போன் பண்ணி மீனு, தீனின்னு பேசுவா. வாய் தவறிச் சொல்லிடாதீங்க தம்பி. ரெண்டு விஷயத்தையும்."

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன். பாத்துப் போங்க. உக்கார எடம் இருக்கற பஸ்ஸா பாத்து ஏறுங்க."

அவர் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, தேவநாதன் போனை எடுத்தார்.

"அம்மா, சார் வந்துட்டுப் போனாரு. சித்திரையில நீங்க மஷ்ரூமைப் பாதிப் பாதியா அறுத்துக் கொண்ணாந்து, வளத்துப் பெருக்கி வைக்கச் சொன்னீங்களே, அதுலேர்ந்து ஏழு குடுத்துட்டேன்."

"எதையாவது ஊத்தியிருப்பாரே." ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ருக்குவின் குரல் மெலிந்து வந்தது. "இன்னும் எத்தினி இருக்குது?"

"பதினாலும்மா."

"போதும். நான் போய்ச் சேர்ந்தப்புறம் எப்படியும் இன்னும் ரெண்டு வாட்டி சாகடிப்பாரு. இன்னிக்கு மாதிரியே ஒண்ணும் தெரியாத மாதிரி குடுத்துடுங்க தம்பி."