மிலானில் ஒன்பது நிமிடம்

“பிப்ரவரி 11. வாடிக்கையாளருக்கு மிலானில் ரயில் மாற ஒன்பது நிமிடமே ஒதுக்கிவிட்டேன். தவறு என்னுடையது.”

டிராவல் ஏஜென்சியில் நளினி டைரியை மூடுவதற்குள் கான்ட்ராக்டர் ஜெகநாதன் தன் ஐரோப்பாப் பயணத்திட்டத்தை அவள் மேஜைமேல் வீசினார்.

“அரே, நாலு பெட்டியோட ஒன்பது நிமிஷத்துல எப்படி மாறறது? ரயிலே ஓடாத தீவுல பொறந்தவ நீ. ரயிலப் பத்தி உனக்கு என்ன மாலும், என்ன தெரியும்?”

“மன்னிச்சிடுங்க சார். அடுத்த வண்டியில போடறேன்.”

“போர்ட் பிளேயர்ல தப்பிச்சே. மெயின்லேண்ட்ல வாசல் பெருக்கக்கூட உன்னை வெச்சுக்க மாட்டான்!”

நளினி சிரித்தாள். “உங்க கோபம் பிரமாதம் சார்.”

“கொழுப்பா? வெனிஸ், வியன்னா எல்லா டிக்கெட்டும் இன்னிக்கே போடணும். இல்லேன்னா உன் வேலை காலி!”

“போட்டாச்சு சார்.”

அவர் போனதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். அப்போது பருத்திச் சேலை கட்டிய ஓர் அம்மாள் தயங்கி நின்றார்.

“வியன்னாவுக்கு எத்தனை ரயில் மாறணும்மா?”

“எனக்கு கிளாஸுக்கு நேரமாச்சு. நாளைக்கு வாங்க!” ஷட்டரை இழுத்தாள்.

மாலை வகுப்பில் சுற்றுலா ஆசிரியர் ஸ்ரீதர் மதிப்பெண்களை வாசித்தார்.

“ஒருத்தர் வாடிக்கையாளர் மாதிரி வந்து உங்க பொறுமையைச் சோதிப்பாங்கன்னு சொன்னேன்ல? நளினி, பூஜ்யம்.”

“சார், அந்த ஜெகநாதன்கிட்ட அவ்வளவு திட்டும் வாங்கிட்டுச் சிரிச்சேனே!”

“திட்டா? இவங்க ஒரே ஒரு கேள்விதானே கேட்டாங்க?”

அவர் கைகாட்டிய இடத்தில் அந்தப் பருத்திச் சேலை அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

நளினி டைரியைத் திறந்தாள்.

“நாளை, முதல் வேலை: ஜெகநாதனுக்கு நிஜமாகவே டிக்கெட் போட வேண்டும்.”