ஏழை வேஷம்

தன் புருஷன் இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று ரசியாவுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

"ரங்கூன்ல எல்லாம் போச்சு தம்பி. கடையப் புடுங்கிக்கிட்டு, கட்டுன துணியோட கப்பல் ஏத்தி உட்டுட்டானுங்க" என்று அப்துல் வதூது சொன்னபோது குரல் அப்படியே உடைந்தது. ரசியாவே ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். புருஷன் ரங்கூனில் இருந்த காலமெல்லாம் ரசியா பண்ருட்டியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். புருஷனும் திரும்பி வந்து அங்கேயே தங்கியிருந்தார். இப்போது அண்ணன் தன் மகனுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். "ரூம்பு வேணும் மச்சான், பெருநாளுக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க" என்று வதூதிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே வதூது பெண்டாட்டியின் காதில் போட்டார்: "சம்பாதிச்சத எல்லாம் முன்னாலயே மெட்ராஸ் கூட்டாளிகிட்ட அனுப்பிட்டேன். வீடு வாங்கத்தான் போறோம் ரசியா. எந்த ஊருலன்னுதான் பாக்கணும். ஒண்ணுமில்லாத ஏழையாட்டம் சொந்தக்காரங்க வீடா போவோம். எவன் 'இங்கயே இரு'ங்கறானோ, அவன் பக்கத்துல வாங்குவோம்."

ரசியாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அண்ணன் வீட்டுப் படியை அவள் இறங்கிய மிடுக்கைப் பார்த்து அண்ணியே அசந்துபோனாள்.

ஏழை பஸ்ஸில் போகலாமா? நெல்லிக்குப்பம் வரைக்கும் கரும்பு வண்டி. ஆலைக்குப் போகிற வண்டி வரிசையில், முன்னால் போகிற மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள். அங்கே வதூதின் சின்னம்மா மகன் ரஃபியுதீனிடம்தான் இந்த முதல் நடிப்பு.

ரஃபியுதீன் உச்சுக் கொட்டினான். "இந்த ஊரு உங்களுக்கு ஆவாதுண்ணே. ஆலை வாடை. அண்ணிக்கு இளைப்பு வந்துடும். அல்லா ஒரு வழி உடுவான்."

அந்த வாடையிலேயே பிறந்து, தூண் மாதிரி வளர்ந்தவன் சொன்னான். வழி விடுகிற வேலை அல்லாவுக்கு. வாசல் வரை வந்து வழியனுப்புகிற வேலை மட்டும் ரஃபியுதீனுக்கு.

"மொத ஆளு பெயில்" என்றாள் ரசியா, வெளியே வந்ததும்.

கரும்பு இறக்கிவிட்டுத் திரும்புகிற காலி வண்டி முதுநகர்ப் பக்கம் போனது. அதில் ஏறிக்கொண்டார்கள். முதுநகரில் ரசியாவின் பெரியம்மா மகள் அஜீசுன்னிசாவுக்கு மாடி வீடு.

"எங்கூட இருந்துடுன்னு சொல்ல எனக்கு ஆசைதான்டி" என்றாள் அஜீசுன்னிசா. "ஆனா இங்க தண்ணி ஒரே உப்பு. பருப்பே வேவாது."

பருப்பு வேகாத அடுப்பில் பிரியாணி மட்டும் நன்றாக வெந்துகொண்டிருந்தது. வாசனை கூடம் வரைக்கும் வந்தது. இவர்களுக்கு வந்தது டீ. புறப்படும்போது தான் கட்டிப் பழசான சேலை ஒன்றைத் தங்கையின் கையில் திணித்து, கண்ணையும் துடைத்துக்கொண்டாள் அஜீசுன்னிசா.

வண்டிப்பேட்டைக்கு நடக்கையில் ரசியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இத வச்சிருந்து, நாம வீடு குடி போற அன்னிக்கு அவளுக்கே திருப்பிக் குடுக்கணும் மச்சான்! அவ மூஞ்சிய நான் பாக்கணும்."

வதூது சிரிக்கவில்லை. வேஷத்தைக் கலைக்காமல் இருக்கிறார் என்று ரசியா மெச்சிக்கொண்டாள். வழியில் வாங்கிய பன்னைக்கூட முழுசாக அவளிடம் கொடுத்துவிட்டு, பசியில்லை என்றார். அங்கே பார்ப்பதற்கு யாருமே இல்லை. ஆனாலும் நடித்தார்!

சிதம்பரத்துக்குக் கிடைத்தது கருவாட்டு வண்டி. இறங்கும்போது இவர்களுக்கு முன்னால் வாசனை இறங்கியது.

அங்கே இருந்தவள் மலிகா, வதூதுக்கு ஒன்றுவிட்ட தங்கை. புருஷன் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஓட்டு வீட்டில் ஒரு கூடம், பின்னால் கோழி அடைக்கிற ஓர் அறை, அவ்வளவுதான்.

வதூது கதையை ஆரம்பித்தார். "ரங்கூன்ல எல்லாம் போச்சும்மா..."

மலிகா முழுசாகக் கேட்கவே இல்லை. "கப்பல் எறங்கின அன்னிக்கே இங்க வரத் தெரியாதாண்ணே? அண்ணிய இப்படிக் கருவாட்டு வண்டியில ஏத்தி ஊர் ஊரா இழுத்துக்கிட்டுத் திரியிறியே, உனக்கு அறிவிருக்கா?" என்று சண்டைக்கு வந்தாள். பேச்சோடு பேச்சாகப் பின்னறைக்குள் புகுந்து கோழிகளை விரட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். "கோழிங்க எங்கனா படுத்துக்கும். நீங்க ரெண்டு பேரும் மொதல்ல குளிங்க!"

ரசியாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒண்ணுமில்லாதவர்களுக்காக வீட்டில் பாதியைக் கழுவுகிறாளே!

புருஷனைத் தனியே இழுத்தாள். "போதும் மச்சான். இவ பாஸ் ஆயிட்டா. நெசத்தச் சொல்லிடுங்க. கூட்டாளிகிட்ட பணத்த வாங்கி இந்த ஊருலயே வீடு வாங்குவோம். இவளுக்கும் ஒரு ரூம்பு எடுத்துக் கட்டிக் குடுப்போம்."

வதூது தகரப் பெட்டியைத் தூக்கிப் பின்னறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

"பெட்டி எதுக்கு மச்சான் இந்த ரூம்புக்கு? வேஷந்தான் முடிஞ்சி போச்சே!"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க அண்ணன் வூட்ட உட்டு நீ அழுதுகிட்டு எறங்கக் கூடாதுன்னு நெனச்சேன் ரசியா. இவங்க எல்லார்கிட்டயும் நான் சொன்னதுதான் நெசம். உங்கிட்ட மட்டுந்தான் பொய் சொன்னேன்."