பின்னறைச் சுவர்

"பின்னறைக்கும் சேர்த்துப் பலகை அடிங்க மேஸ்திரி. ஒரு சுவரையும் விடக் கூடாது."

மேஸ்திரி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே தலையைச் சொறிந்தார். "சார், இந்தக் குளிர் ஊர்ல பழைய வீட்டு ஹீட்டர் சூடு சுவர் வழியா வீணாப் போகக் கூடாதுன்னுதான் இந்தப் புதுச் சட்டமே. ஆள் புழங்குற அறைக்கு மட்டும் பலகை அடிச்சாப் போதும். பின்னாடி இருக்கிறது சாமான் அறை. சோதிக்க வர்ற அதிகாரி அதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்."

"அதைத்தானே நானும் காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன்" என்றாள் வீட்டுக்காரரின் மனைவி. "உடைஞ்ச கட்டிலுக்குக் குளிரப் போகுதாக்கும்."

"நீ வாயை மூடு. உனக்கு ஒரு எழவும் தெரியாது."

"எல்லாம் தெரிஞ்ச நீங்க கிழிச்சது போதும்."

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, அவள் கவலை வேறு. பலகை அடிக்க ஆள் உள்ளே போனால் குட்டு உடைந்துவிடும். உள்ளே இருப்பது அவள் பெற்ற பிள்ளை. நிச்சயமான கல்யாணத்தை முந்தின நாள் உதறிவிட்டுப் போனவன். "இனி அவன் இங்கே கால் வெச்சா, கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவேன்" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் இவர். சொன்னால் செய்கிற மனுஷன். அந்தப் பாழாய்ப்போன வீம்பு ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து. போன வாரம் வேலையும் போய்ப் பின்வாசலில் வந்து நின்றவனை அவள் சத்தமில்லாமல் சாமான் அறையில் ஒளித்து வைத்திருந்தாள்.

"சாவி எங்கே?" என்றார் வீட்டுக்காரர்.

"காணோம்."

"நேத்து ஆணியில தொங்கிச்சே."

"நேத்து தொங்கிச்சு. இன்னைக்குக் காணோம். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"பூட்டை உடைச்சிடவா சார்?" என்றார் மேஸ்திரி, உதவி செய்கிற நினைப்பில்.

அவள் விறுவிறுவென்று போய்க் கதவை மறித்து நின்றாள். "உடைங்க பார்ப்போம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மூலை உண்டா? கூடம் உங்களுது, மாடி உங்களுது, பேச்சும் உங்களுது. இந்த ஒரு அறையை எனக்கு விட்டுத் தொலைங்களேன்."

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த வரைபடத்தைத் தரையில் விசிறியடித்தார். "நீயே கட்டிக்கிட்டு அழு. மேஸ்திரி, உள்ளே போகவே வேண்டாம். வெளிப்பக்கமா ஒட்டுங்க, இருக்கிறதிலேயே தடிமனான பலகையா. என் சுவர், நான் ஒட்டுவேன். எவ கேக்கிறதுன்னு பார்க்கிறேன்."

உள்ளே போகாதவரை எதையாவது ஒட்டித் தொலையட்டும் என்று அவள் சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் அடி வாங்கும் சத்தம் கேட்டது.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் இது, யாருமே இல்லாத அறைக்குப் போய் இப்படி வீம்பு பிடிக்கிறீங்க?"

வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் இல்லைன்னு யாருய்யா சொன்னது? என் பையன் குளிர் தாங்காம ராத்திரி பூரா உள்ளே இருமுறான், இன்னைக்கே வேலையை முடிங்க. சாவி கேட்டதெல்லாம் அவ தர மாட்டான்னு தெரிஞ்சுதான். எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சிடுச்சுன்னா, சொன்ன சொல்லுக்கு நான் அவனைத் துரத்தியாகணும்."