நோட்டில் ஏறிய சர்க்கரை

“பசி உயிரை எடுக்குது தங்கச்சி. சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல. கையைப் பாரு, எப்படி ஆடுதுன்னு.”

கெனெஷ் இரண்டு கைகளையும் நீட்டினான். முப்பது வருஷமாக மலைச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிவரும் கைகள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக் காலரோ வியர்வையில் நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் புருல் அவனுடைய நோட்டைப் புரட்டினாள். எட்டு மாதத்துக்கு முன் அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும், அவள்தான் மீட்டரும் இன்சுலின் ஊசியும் கொடுத்து, தினமும் காலையில் சர்க்கரையைப் பார்த்து எழுதச் சொன்னாள். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. கரி படிந்த பென்சில் எழுத்து. வசந்தத்தில் எட்டு, ஒன்பது. கோடையில் பதினொன்று. இப்போது பதினைந்து, பதினாறு.

“நாலுக்குக் கீழ இறங்கக் கூடாது, ஏழுக்குள்ள நிக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன் அண்ணே? இது பதினாறு!”

“நானா ஏத்துறேன்? அதுவா ஏறுது.”

“அதுவா ஏறுறதுக்கு அது என்ன கழுதையா? என்ன தின்னீங்க? உள்ளதைச் சொல்லுங்க. ஜாமா, தேனா?”

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி உல்கான் சிரித்தாள். “போன வாரம் ஒரு கல்யாண வீட்டுல மிட்டாய்த் தட்டைத் தொடவே இல்ல புருல். ஏதோ மனஸ்தாபம்னு நினைச்சு மாப்பிள்ளையோட அப்பா வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாரு.”

“நீங்க அவருக்குப் பரிஞ்சு பேசாதீங்க அண்ணி.”

புருல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மாவட்ட டாக்டர் எழுதியது. அவர் கெனெஷை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். மாதாமாதம் புருல் ஃபோனில் வாசிக்கும் எண்களைக் கேட்டு இன்சுலின் அளவை ஏற்றிவிடுவார். பத்து யூனிட்டில் தொடங்கி இருபத்தெட்டில் வந்து நின்றது.

“இன்னைலேருந்து முப்பத்திரண்டு.”

கெனெஷின் முகம் சுருங்கியது. “வேண்டாம். நீ அளவை ஏத்துறப்பெல்லாம் இந்த நடுக்கமும் ஏறுது. நேத்து மூட்டையோட ஏணியில வரும்போது கண்ணு இருட்டிக்கிச்சு. பின்னாடி வந்தவன் பிடிக்கலைன்னா, இன்னைக்கு என் சாவு விருந்துக்குக் குதிரை அறுத்திருப்பாங்க.”

“சர்க்கரை ஏறினாலும் உடம்பு தளரும் அண்ணே. இப்படியே விட்டா காலை எடுத்துடுவாங்க. ஒத்தைக் காலோட சுரங்கத்துல இறங்குவீங்களா?”

கெனெஷ் சாப்பாட்டு விரிப்பில் கிடந்த ரொட்டியின் மேல் கையை வைத்தான்.

“நான் இனிப்பைத் தொட்டிருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்.”

உல்கானின் சிரிப்பு நின்றது. குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்பார்கள். பெண்டாட்டியை அடித்துவிட்டு அடிக்கவில்லை என்பார்கள். ரொட்டிமேல் கை வைத்துப் பொய் சொல்கிற ஆளை அந்த ஊரில் அவள் பார்த்ததில்லை.

இனிப்பைத் தின்னவில்லை. ஊசியும் தவறாமல் போடுகிறான். அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்கிறது. எட்டு மாதமாக இந்த வீட்டுக்கு வந்து, இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்று ஒப்பித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அவன் செய்வதை நின்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“டாக்டர் தாள் இருக்கட்டும் அண்ணே. காலையில எப்படிப் பார்ப்பீங்களோ, அப்படியே இப்போ ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“இந்த வயசுல எனக்குப் பரீட்சையா?”

“எனக்குத்தான் பரீட்சை. செய்யுங்க.”

கெனெஷ் பெட்டியைத் திறந்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தான். சோதனைப் பட்டையை மீட்டரில் சரியாகச் செருகினான். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக்கொண்டான். கை நடுங்கியது, செய்முறையில் ஒரு பிழை இல்லை. அவள் சொன்னது அத்தனையும், சொன்ன வரிசையில்.

பிறகு திரும்பி, “உல்கான், வா,” என்றான்.

உல்கான் தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பழகியவள்போல் மோதிர விரலை நீட்டினாள். கெனெஷ் அதைத் துடைத்துக் குத்தினான்.

“என்ன பண்றீங்க அண்ணே!”

“என் விரல்ல கடப்பாரைதான் இறங்கும் தங்கச்சி, இந்தக் குண்டூசி இறங்காது. முதல் நாளே குத்திப் பார்த்துட்டேன், ஒரு சொட்டு வரல,” என்றான் கெனெஷ். “இவ விரல் மெத்துன்னு இருக்கு. ரெண்டு பேரும் இருபத்தஞ்சு வருஷமா ஒரே தட்டுலதானே தின்றோம். சர்க்கரை மட்டும் வேற வேறயாவா இருக்கும்?”

மீட்டர் பதினேழு காட்டியது.

புருல் மீட்டரில் புதுப் பட்டையைச் செருகி, அவன் கையைப் பிடித்து இழுத்து, நகத்தை ஒட்டிய ஓரத்தில் அழுத்திக் குத்தினாள். இரண்டு புள்ளி ஒன்பது. தேநீர்த் தட்டில் இருந்த கற்கண்டை அள்ளி அவன் வாயில் திணித்தாள். டாக்டரின் தாளைக் கிழித்தாள்.

எட்டு மாதமாக உல்கானின் சர்க்கரைக்குத்தான் கெனெஷ் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். உல்கானுக்குச் சேரவேண்டிய வைத்தியம் இன்னும் புருலின் தலையில் கடனாக நின்றது.