பத்தொன்பதாவது தாய்

தாய்ப்பாலில் இரும்பைப் பிடித்துவைக்கும் புரதம் எவ்வளவு என்று ஆன்டிபாடி பூசிய தட்டில், ஒரு குழிக்கு ஒரு தாயின் பால் என்று ஊற்றி ஆய்வகத்தில் அளந்துகொண்டிருந்தார்கள். புரதம் கூடினால் குழியில் மஞ்சள் நிறம் கூடும். பத்தொன்பதாவது குழியின் அடர்மஞ்சளைப் பார்த்ததும் ஆய்வகத் தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எங்கேயோ தப்பு. திரும்பப் போடும்மா."

உதவியாளர் மூன்று முறை போட்டாள். பத்து மடங்கு நீர்க்கச் செய்தும் மஞ்சள் மங்கவில்லை.

"இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல. யாரு இந்த மகராசி? உடனே கூப்பிடு."

பால் கொடுத்த தாய்மார்களின் பட்டியலை அவரே எடுத்தார். அதில் பதினெட்டுப் பெயர்கள்தான் இருந்தன.

உதவியாளர் தலைகுனிந்தாள்.

"என்னோடது சார். என் பால்ல சத்தே இல்ல, புட்டிப்பால் குடுன்னு மாமியார் தினமும் நச்சரிக்கிறாங்க. இந்த ரிசல்ட்டுல ஒரு கையெழுத்துப் போடுவீங்களா?"

"கையெழுத்து என்னம்மா, சீலே குத்தித் தரேன்."