மருந்து வந்துவிட்டது

“அண்ணா, தண்ணி பாதி டயர் உயரம்தான் இருக்கு. வண்டியை விடுங்க!” மாரென் சீட்டு நுனியில் உட்கார்ந்து கெஞ்சினாள். மடியில் இருந்த மருந்துப் பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“உங்க ஊர்ல ஆத்துக்கு மேல பாலம் இருக்கும், சிஸ்டர். இங்க பாலத்துக்கு மேலதான் ஆறு,” என்றார் டிரைவர் ஃபராய். சொன்னாரே தவிர, வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

மாரென், டென்மார்க்கிலிருந்து ஜிம்பாப்வேக்குத் தொண்டு செய்ய வந்த நர்ஸ். வந்த புதிதில் சோளக்களியை ஸ்பூனால் சாப்பிட்டு வார்டையே சிரிக்க வைத்தவள். இன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் மனசு வராது. ஆறு எப்போது வடியும் என்று கரையிலேயே காத்துக் கிடந்து, கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

எல்லாம் ஜோசாயா தாத்தாவுக்காகத்தான். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். அதற்குக் கேட்கிற ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. “மருந்து இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?” என்று வீம்பாக வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் கிழவர். மாரென் தலைநகரில் யார் யார் காலிலோ விழாத குறையாகக் கேட்டு மருந்தை வரவழைத்தாள். மருந்து வந்த அன்றைக்கே ஆறு பொங்கியது, போன் டவரும் சாய்ந்தது.

“அவரைப் போக விட்டிருக்கவே கூடாது. கட்டிலோட கட்டிப் போட்டிருக்கணும்,” என்றாள் மாரென்.

“அவரையா? கட்டிலைத் தூக்கிட்டுப் போயிருப்பார்,” என்றார் ஃபராய்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்டில் அவளைத் தினமும் திட்டிய ஒரே ஆள் தாத்தாதான். அவள் டீ போட்டுக் கொடுத்தால், “இது டீயா, மாடு குளிச்ச தண்ணியா?” என்பார். ஆனால் மாத்திரையை வேறு யார் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். கஞ்சி கொண்டுவரும் மருமகள் நியாராயோ, மாமனார் முன்னால் மண்டியிட்டுத் தலை நிமிராமல் பேசுவாள். அவர் எதிரில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டாள்.

“கடவுளே, உயிர் மட்டும் இருந்தா போதும். மீதியை நான் பார்த்துக்கறேன்,” என்று மாரென் வாய்விட்டே வேண்டினாள். ஃபராய் வேகத்தைக் கூட்டினார்.

மேட்டில் ஏறியதும் தாத்தாவின் வீடு தெரிந்தது. முற்றம் முழுக்கக் கூட்டம். மரத்தடியில் பெரிய பானைகளில் களி வெந்துகொண்டிருந்தது. மாரென் கூட்டத்தில் தாத்தாவைத் தேடினாள்.

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வரும் அதே இருமல்.

கூட்டத்துக்கு நடுவே பச்சைக் கோட்டும் நசுங்கிய தொப்பியும் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் குளிக்கப் போகும்போதுகூடக் கழற்ற மறுத்த கோட்டு. கைத்தடியை ஊன்றி, இடது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்த உருவம் ஒரு பெண் நீட்டிய கோப்பையை வாங்கியது. ஒரு வாய் உறிஞ்சித் தரையில் துப்பியது.

“இது டீயா, மாடு குளிச்ச தண்ணியா?”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாரென் சிரிப்பும் அழுகையுமாக ஃபராயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பார்த்தீங்களா அண்ணா? எழுந்து நடக்கறார்! வாய்க்கொழுப்புகூடக் குறையல!”

ஃபராய் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் எங்கே அதைக் கவனித்தாள்? பெட்டியோடு சேற்றில் குதித்து ஓடினாள். கோட்டு தொளதொளவென்று தொங்கி விரல்களையே மறைத்திருந்தது. பாவம், ரொம்பத்தான் இளைத்துவிட்டார், பரவாயில்லை, பத்து நாளில் உடம்பைத் தேற்றிவிடலாம் என்று ஓடும்போதே கணக்குப் போட்டாள்.

“தாத்தா! மருந்து வந்துடுச்சு! இனிமே என் டீயைத் திட்டினா ரெண்டு ஊசி!”

சிரிப்பு சட்டென்று நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் விலகி அவளுக்கு வழிவிட்டார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“என்ன தாத்தா, கோபமா? ஆறு வடியாம நான் என்ன செய்ய? திரும்புங்க, முதல்ல நெஞ்சைப் பார்க்கறேன்.” மாரென் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த உருவம் திரும்பித் தொப்பியைக் கழற்றியது. உள்ளே நியாராயின் முகம். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“நீயா? உன் மாமா கோட்டைப் போட்டுக்கிட்டு... என்ன விளையாட்டு இது?” மாரென் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். “தாத்தா எங்கே?”

நியாராய் மருந்துப் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க வழக்கம், சிஸ்டர். மாமா மாதிரி மருமகதான் நடிச்சுக் காட்டணும்... அடக்கம் பண்றதுக்கு முன்னாடி.”